ரதியின் வலது கால்

மடுல்சீமை, மேல் டிவிசன்
22.02.2026, ஞாயிறு

ரூபன்,

இனி உன்னோடு பேசமாட்டேன் என்று வியாழக்கிழமை தேயிலை ஸ்டோர் வாசலில், மெஷினைக் காக்கிற ரோதமுனி சாமிக்கு முன்னால் கையை நீட்டிச் சொன்னேன். நீ கேட்டாய். சாமியும் கேட்டிருக்கும், அன்றைக்கு மெஷின் சத்தம் குறைவு. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ ஃபோன் அடித்தால் எடுக்கமாட்டேன், அடிக்காதே.

இதைப் பதுளை பஸ்ஸில் நப்ரீஸிடம் கொடுத்துவிடுகிறேன். கண்டக்டர்களில் நல்ல மனுஷர். கடிதத்தைப் பிரித்துப் படிக்கமாட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நம்மிடமே கேட்டுவிடுவார்.

நீ போன மறுநாள் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டாயிற்று. காமனாக எனக்குக் காப்புக் கட்டினார்கள். ரதிக்குக் கட்ட வேண்டிய மஞ்சள் கயிறு தாம்பாளத்தில் கிடந்தது. கமிட்டித் தலைவர் வீராசாமி அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"ரதி எங்கடா?"

"பதுளைக்கு ஓட்டம் பழகப் போயிருக்காண்ணே."

"ரதி எதுக்குடா இப்பவே ஓடுது? சிவன் இன்னும் கண்ணையே தொறக்கலியே."

கூட்டம் சிரித்தது. தப்பு அடிக்கிறவர்களும் சிரித்தார்கள். நான் கையில் கரும்பு வில்லோடு நின்றேன். வில் வைத்திருப்பவன் சிரிப்புக்கு ஆளானால் அதை எங்கே வைப்பது என்று தெரியாது.

வேடம் எடுத்தவன் மூன்று வருஷம் தொடர்ந்து ஆடி முடிக்க வேண்டும் என்பது நம் டிவிசன் கட்டு. ரதியாக நீ இரண்டு வருஷம் ஆடிவிட்டாய். மூன்றாவது வருஷம் காலெலும்பில் மயிரிழை வெடிப்பு என்கிறாய். எங்கள் அம்மாவிடம் சொன்னேன். "இந்த லயத்துல வெடிப்பில்லாத காலு யாருக்குடா இருக்கு?" என்று கேட்டார். இது உள்ளே இருக்கும் வெடிப்பு என்று விளக்கினேன். உள்ளே இருப்பதற்கு எதற்கு லீவு என்றார்.

நடுவில் விட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஒருவருக்கு மாடு செத்தது. ஒருவருக்குப் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. இன்னொருவர் நீர்கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். அவரைச் சொல்லும்போது மட்டும் அம்மா குரலைக் குறைத்துக்கொள்வார்.

ரதி இல்லாமல் லயம் லயமாக, வாசல் வாசலாகத் தனியாக ஆடி வருகிறேன். எதிரில் ஆள் இல்லாமல் ஆடுவது, கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வது போல் இருக்கிறது. அதைப் பார்க்க ஊரே விளக்குப் பிடித்துக்கொண்டு வருகிறது.

அழகர்


பதுளை
23.02.2026, திங்கள்

அழகர்,

கடிதம் கிடைத்தது. "கோவமா எழுதியிருக்கானா?" என்று நப்ரீஸ் நானா கேட்டார். கொஞ்சம் என்றேன்.

நீ ஸ்டோர் வாசலில் சொன்னதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் ஏதாவது சொல்லிவிடுவேன்.

நான் ஏன் வந்தேன் என்று நீ கேட்கவேயில்லை. நானாகச் சொல்கிறேன். மார்ச் ஏழாம் திகதி சனிக்கிழமை இங்கே ஒரு ஆடைக் கம்பனி தன் ஓட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்கிறது. ஐயாயிரம் மீற்றர். தெரிவானால் கம்பனியில் வேலை. போன வருஷம் நடுவில் இதே போட்டிக்குத்தான் பழகிக்கொண்டிருந்தேன், வலது காலில் வலி வந்தது, வந்ததை யாருக்கும் சொல்லாமல் ஓடி வெடிப்பாக்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் என்னை எடுக்கமாட்டார்கள். வயசு தாண்டிவிடும்.

நம் தோட்டத்தில் பழக முடியாது என்று உனக்குத் தெரியும். அங்கே தட்டையாக இருப்பது ஸ்டோர் தரை ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். எலும்புக்கு இறக்கம்தான் எமன் என்று பிஸியோ தயானி மிஸ் சொல்கிறார். இறக்கம் கூடாது, குதிக்கக் கூடாது, கல்லில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மூன்றையும் சொல்லிவிட்டு, "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார். மடுல்சீமை என்றேன். பேனாவை மூடிவைத்தார்.

நேற்று வரை நடைதான். இன்று முதல் தடவை ஓடச் சொன்னார். நான் தங்கியிருக்கும் யசோதினி அக்கா வீட்டிலிருந்து மைதானம் பக்கம். புல்லின் மேல் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். மூச்சு வாங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். கூடப் பழகும் ஹஸீப் என்னைத் தாண்டித் தாண்டிப் போனான். போகும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போனான், அவன் வேகமாக ஓடிக்கொண்டு. ஆனாலும் ஓடினேன், அழகர். புல் ஈரமாக இருந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு காதில் காற்றுச் சத்தம் கேட்டது.

மூன்றாவது வருஷத்தை நான் மறக்கவில்லை. கடைசி ராத்திரி, பௌர்ணமி போயா அன்றைக்கு, வருகிறேன். சேலை கட்டுகிறேன். உன் பின்னால் எல்லா லயத்துக்கும் நடந்து வருகிறேன். விடிய உன்னை எரித்ததும் அழுகிறேன். ஆட மட்டும் மாட்டேன். இதைக் கமிட்டியிடம் கேட்பாயா? நீ கேட்டால் அண்ணன் மறுக்கமாட்டார்.

ரூபன்


மடுல்சீமை
25.02.2026, புதன்

ரூபன்,

நடந்து, ஓடி, நடந்து, ஓடி. இதைத்தான் இங்கே பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தியவர்கள் தினமும் காலையில் செய்கிறார்கள். அவர்களை எந்தக் கம்பனியும் தெரிவு செய்யவில்லை. கணக்கப்பிள்ளை அரை நாள் பெயரை வெட்டிச் சம்பளத்தைக் குறைக்கிறார்.

உன் மனுவைக் கமிட்டி நேற்று சாயந்தரம் கோயில் வாசலில் விசாரித்தது. நீதிமன்றங்களில் இவ்வளவு கவனமாகக் கேட்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

முதல் கேள்வி, ஆடாத ரதி ரதியா? வீராசாமி அண்ணன் யோசித்துச் சொன்னார், "ரதியோட வேலை ஆடுறதில்லப்பா. அழுவுறதுதான். ஆட்டம் காமனோட வேல." இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நீ அழுவாய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இரண்டாவது, காப்புக் கட்டினவர் டிவிசன் எல்லையைத் தாண்டக் கூடாது. ரதி இருப்பதோ பதுளை. இதில்தான் நேரம் போனது. கடைசியில் எங்கள் அம்மா, பெண்கள் பக்கத்திலிருந்து, "கம்பத்தடி மண்ணை அள்ளி அவன்கிட்டக் குடுத்தனுப்புங்க, எல்லை அவனோட இருக்கும்" என்றார். சட்டம் படித்தவர்களுக்கு இது தோன்றியிருக்காது. மண்ணை ஒரு ஷொப்பிங் பையில் கட்டியிருக்கிறேன். காப்புக் கயிறும் அதற்குள் இருக்கிறது. பையை முதல் பஸ்ஸிலேயே கொடுத்தபோது நப்ரீஸ் தூக்கிப் பார்த்தார். "என்னது தம்பி, இவ்ளோ பாரமா?" "எங்க டிவிசன் எல்ல நானா." "அப்ப சீட்டுல வைக்காதீங்க, கீழ வைங்க" என்றார்.

மூன்றாவது, சப்பாத்து. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று உன் மிஸ் சொன்னதைச் சொன்னேன். கோயில் வேடத்துக்குச் சப்பாத்தா என்று இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஓட்டச் சப்பாத்தில் தோல் இல்லை, துணியும் ரப்பரும்தான் என்றேன். தோல் இல்லையென்றால் தீட்டில்லை என்று தீர்ப்பானது. சேலை மறைத்துக்கொள்ளும். உலகத்தில் முதல் முறையாக ரதிதேவி ரப்பர் அடியோடு புறப்படப் போகிறாள்.

ஆக உனக்காக நான் வாதாடி ஜெயித்திருக்கிறேன். இனி என் கேள்வி. கம்பனி, கம்பனி என்று எழுதுகிறாய், அது எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பதுளையில் ஓட்ட அணி வைத்திருக்கும் ஆடைக் கம்பனி நப்ரீஸுக்குத் தெரியாது. நப்ரீஸுக்குத் தெரியாதது பதுளையில் இல்லை.

கொழும்பா?

அழகர்


பதுளை
27.02.2026, வெள்ளி

அழகர்,

பை பத்திரமாக வந்தது. அக்கா காப்பைக் கட்டிவிட்டார். மண்ணை மைதானத்துக்கு எடுத்துப் போய் ஓட்டம் தொடங்கும் இடத்தில் வைக்கிறேன். ஹஸீப் என்னவென்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அப்ப நீ சுத்திச் சுத்தி ஓடுறது சரிதான், எல்லைக்குள்ளதானே இருக்கே" என்றான். நல்ல பையன்.

செவ்வாய்க்கிழமை ஓட விடவில்லை. அக்கா வீட்டுப் படியில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். அக்காவைத் தேடி வந்த பக்கத்து வீட்டம்மா, எட்டிப் பார்ப்பதற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். புதன் ஓட்டம் அதிகம், நடை குறைவு. வியாழன் மச்சானின் சைக்கிளில் ஓயாக் கரையோரம் போய் வந்தேன். காலையில் எழுந்ததும் எலும்பில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்குச் சாமி பக்தி வருகிறது. நாலு நாளும் வலி இல்லை. இன்று ஹஸீபோடு நேர்கோட்டில் வேக ஓட்டம். கடைசி ஓட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் முடித்தேன். மிஸ் பார்த்துக்கொண்டு நின்றார். "கெட்டிக்காரன்" என்று சொல்லவில்லை, "போதும், நிப்பாட்டுங்க" என்றார். அவர் அப்படித்தான் பாராட்டுவார்.

ஆமாம், கொழும்புப் பக்கம். விடுதி தருவார்கள். எனக்கு அது முதலிலேயே தெரியும். உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் நீ ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாய், நானும் சிரிப்பேன், பிறகு அதைப் பற்றிப் பேச முடியாது. நம் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். நீ வேகமாக ஆடினால் நான் நடக்க முடியாது. தப்புச் சத்தத்தில் உன் கால் போனால் என் கால் தன்னால் போகும், உனக்கே தெரியும். இந்த ஒரு தடவை மெதுவாக ஆடு. ஏழாம் திகதி சனிக்கிழமைக்கு மட்டும் இந்தக் காலை எனக்கு விட்டுக்கொடு.

ரூபன்


மடுல்சீமை
28.02.2026, சனி

ரூபன்,

சரி. மெதுவாக ஆடுகிறேன்.

போயா அன்று காலை பஸ்ஸில் வந்துவிடு. பசறைக்கு மேல் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். இறக்கம் இல்லை, ஏற்றம்தான்.

சேலை எங்கள் அம்மாவுடையது. போன வருஷம் நீ கிழித்ததைத் தைத்து வைத்திருக்கிறார்.

அழகர்


பதுளை
01.03.2026, ஞாயிறு

அழகர்,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதினதில்லை. கோபம் என்றால் நாலு பக்கம் எழுதியிருப்பாய். அதனால் இது கோபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று நீள ஓட்டம். இன்று ஓய்வு. ஒரு வாரம் முடிந்தது, வலி இல்லை. அக்கா சந்தோஷத்தில் கோழி ஆக்கினார். காப்புக் கட்டியிருப்பதால் நான் சோறும் ரசமும் சாப்பிட்டேன். மச்சான் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

நாளைக்கு வருகிறேன். இதையும் நானே கொண்டுவந்திருக்கலாம். ஆனால் நேரில் வந்தால் நீ பேசமாட்டாய் அல்லவா. அதனால் முதல் பஸ்ஸில் இது, அடுத்த பஸ்ஸில் நான்.

ரூபன்


மடுல்சீமை
05.03.2026, வியாழன்

ரூபன்,

இன்று காலை என்னை எழுப்பினார்கள். எரிந்த காமன் மூன்றாம் நாள் எழுப்பும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது. ஸ்டோருக்குப் பின்னால் சாக்கு வைக்கும் அறையில் இருந்தேன். அம்மா கதவிடுக்கில் தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். உன்னைத் தினேஸின் த்ரீவீலில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள் என்று அங்கிருந்துதான் கேட்டேன். முகம் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன். ஃபோன் அடிக்கலாம் என்று எடுத்தேன். ரோதமுனிக்காக வைக்கவில்லை. நீ எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தேன்.

நடந்ததை நீ அறிவாய். என் பக்கம் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது.

முதல் லயத்தில் மெதுவாகத்தான் ஆடினேன். சத்தியமாக. நீ பின்னால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நடந்து வந்தாய். இரண்டாவது லயத்துப் படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நீ சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தாய். கீழே அந்தச் சப்பாத்து. பச்சையும் ஆரஞ்சுமாக, புத்தம் புதுசு. கொழும்புக்குப் போவதற்கு வாங்கினது என்று எனக்குத் தோன்றியது. நான் சிரித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை, சிரித்தேன். அதைப் பார்த்து இரண்டு பெண் பிள்ளைகள் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். "ரதியக்கா, எந்தக் கடையில வாங்கினீங்க?" நீ படியில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாய்.

அப்போது நான், "போட்டுக்கடா" என்று சொல்லியிருக்கலாம். பேசமாட்டேன் என்று சபதம் இருந்தது. அதைவிட வசதியான காரணம் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

பிறகு வேகமாக ஆடினேன். தப்பு அடிக்கிறவர்கள் ஏற்றினார்கள் என்று வீராசாமி அண்ணனிடம் சொன்னேன். அவர் நம்பினார். தப்பு என்றைக்கும் ஆடுகிறவனின் காலைப் பார்த்துத்தான் ஏறும், அவர்கள் என்னைப் பார்த்துத்தான் அடித்தார்கள். நான் ஆட, உன் கால் தன்னால் போனது. நீ எழுதியிருந்தாய் அல்லவா, அப்படியே. உன் ஆட்டத்தை இரண்டு வருஷம் எதிரில் நின்று பார்த்தவன் நான். அன்றைக்கு ஆடின மாதிரி நீ ஆடினதில்லை. கொழும்புக்குப் போகிறவன் ஆடுகிற ஆட்டமாக அது தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

விடியும்போது வைக்கோலைக் கொளுத்தினார்கள். நான் விழுந்தேன். வெள்ளை வேட்டியைப் போட்டு மூடினார்கள். நீ அழத் தொடங்கினாய்.

நீ அழும்போது மூச்சை எங்கே எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். ஓட்டக்காரன் மூச்சு, ஒப்பாரிக்கு நடுவிலும் ஒழுங்கு தப்பாது. போன வருஷம் வேட்டிக்குள் கிடந்து அதைக் கேட்டுத் தூங்கியே போனேன். இந்தத் தடவை ஒழுங்கு இல்லை. இழுத்து, அறுந்து, மறுபடி இழுத்து. பிறகு "அழகர், காலு" என்றாய். நம் பாட்டில் அப்படி ஒரு அடி இல்லை.

கூட்டம் ஓவென்று அழுதது. என் தலைமாட்டில் நின்ற ரெங்கம்மா அக்கா, "இப்படி ஒரு ரதிய என் ஆயுசுல பாக்கலடி" என்று யாரிடமோ சொல்லி மூக்கைச் சிந்தினார். நீ இன்னொரு தடவை சொன்னாய். அவர்கள் இன்னும் அழுதார்கள்.

நான் எழுந்திருக்க வேண்டும். எரிந்த காமன் நேரத்துக்கு முன்னால் எழுந்தால் டிவிசனுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். லயத்தில் நான்தான் அவற்றைக் கேலி செய்கிறவன். அந்த நேரத்தில் மட்டும் முழுக்க நம்பினேன். அசையாமல் கிடந்தேன். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன், வேட்டி ஆடிவிடுமோ என்று. நன்றாகச் செத்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மருத்துவர் என்ன சொன்னார்? சனிக்கிழமைக்கு ஏதாவது வழி இருக்கிறதா? கம்பனிக்காரர்களிடம் யாராவது போய்ப் பேசலாமா? நான் வருகிறேன். நான் எழுந்திருப்பேன் என்று நீ நினைத்தாயா? அதை மட்டும் எழுது.

அழகர்


பதுளை
08.03.2026, ஞாயிறு

அழகர்,

எலும்பு முழுசாகப் போய்விட்டது. முழங்கால் வரை பிளாஸ்டர். மழை முடிந்து பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஓடுவதைப் பற்றிக் கேட்டேன். முதலில் நடப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றார்கள். தயானி மிஸ் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். அது திட்டாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கம்பனிக்காரர்களிடம் பேச வேண்டாம். வயசு வயசுதான். அதை எந்தக் கமிட்டியும் மாற்ற முடியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் தடவை உன் பேரைச் சொன்னபோது நீ எழுந்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தடவை அப்படி நினைக்கவில்லை.

இரண்டாவது தடவை சொல்வதற்குள் அவர்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மேல் லயம், கீழ் லயம், படி முழுக்க ஆட்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடுகிறபோது யார் பார்த்திருக்கிறார்கள்? ஹஸீப் பார்ப்பான், அதுவும் தாண்டிப் போகும்போது. மைதானத்தில் புல் வெட்டுகிற ஆள் பார்ப்பார், அவருக்கு நான் எப்போது போவேன், புல்லை வெட்டலாம் என்றிருக்கும். இவ்வளவு பேர் எனக்காக அழுது நான் பார்த்ததில்லை.

அதனால் நிறுத்தவில்லை. உட்கார்ந்த இடத்தில் அழுதிருக்கலாம். கால் போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அழ உட்கார்ந்தபோது சத்தமே கேட்டது. எழுந்து கம்பத்தைச் சுற்றி வந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை. முறையில் அப்படி இல்லை. நீ வேட்டிக்குள் இருந்ததால் பார்த்திருக்கமாட்டாய். டொக்டர் அதைத்தான் கேட்டார், உடைஞ்ச பிறகு நடந்தீங்களா என்று. விழுந்தேன் என்று சொன்னேன்.

நீ சிரித்ததால்தான் சப்பாத்தைக் கழற்றினேன் என்றும் இல்லை. சரி, கொஞ்சம் அதுவும்தான். ஆனால் கழற்றி ஓரமாக வைத்ததும் காலுக்கு நன்றாக இருந்தது. அப்போதே நான் சனிக்கிழமையை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். நீ வேட்டியை எடுத்துவிட்டு எழுந்து வந்திருந்தால், உன்னை நான் மன்னித்திருக்கமாட்டேன், அழகர். இதை நினைத்துத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. உன் மேல் கோபப்பட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நேற்று மைதானத்துக்குப் போனேன். அக்கா வேண்டாம் என்றார். கக்கத்துக் கட்டைகளோடு மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பனிக்காரர்கள் மேசை போட்டு நம்பர் துணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பேர் வாசித்தார்கள். என் பேரும் வந்தது. வாசித்தவர் தலையைத் தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை வாசித்தார். கையைத் தூக்கலாமா என்று யோசித்தேன். கை இரண்டும் கட்டைகளில் இருந்தது. ஹஸீப் என்னிடம் வந்து தோளைத் தட்டிவிட்டுக் கோட்டுக்குப் போனான். அவனுக்கு நல்ல கால். அவன் தெரிவாவான் என்று அப்போதே தெரிந்தது, தெரிவும் ஆனான். அவனுடைய அம்மா ஹம்ஸியா ஆன்ட்டி எனக்கும் சேர்த்து வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார்.

கம்பி வேலிப் பக்கம் நின்றேன். பசறைப் பக்கத்து அம்மா ஒருவர் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, "போயாவுக்கு மடுல்சீமையில ரதியா ஆடின தம்பிதானே?" என்றார். ஆமாம் என்றேன். "நாங்க வேன் புடிச்சு வந்தோம். எங்க வீட்டுல இன்னைக்கும் அதுதான் பேச்சு. என்னமா அழுதீங்க! எங்க மருமக கல்லு மாதிரி, அவளே அழுதுட்டா." மகளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்கவைத்து ஃபோட்டோ எடுத்தார். பிளாஸ்டர் தெரிகிறது என்று நகர்ந்து நிற்கச் சொன்னார். காலுக்கு என்ன என்று கேட்கவில்லை. ஓட வந்தவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

"அடுத்த வருசமும் நீங்கதானே?" என்று கேட்டார்.

என் கட்டு மூன்று வருஷம் முடிந்துவிட்டது, இனி நான் ஆட வேண்டியதில்லை, அதை அவருக்கு விளக்கியிருக்கலாம். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஓட்டம் தொடங்கும் வெடிச் சத்தம் கேட்டது. கட்டைகளை ஊன்றித் திரும்ப எனக்கு நேரமாகிவிட்டது. பார்த்தபோது அவர்கள் முதல் வளைவைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

ரூபன்